காகித உருண்டையும் பணியாரக் குழியும்

எப்படி இயங்குகிறது?

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ உள்ள ஒரு செட்டிநாட்டு வீட்டைக் காகிதத்தில் செய்ய உட்காருபவருக்குச் சுவர்கள் பெரிய தொல்லை தருவதில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த வீடு, வரைபடத்தில் செவ்வகங்களின் வரிசைதான். அட்டையில் கோடு போட்டு வெட்டி, மடித்து, ஒட்டினால் நின்றுவிடும். பர்மாத் தேக்குத் தூண்களுக்குச் சுருட்டிய தாள் போதும். நாட்டு ஓட்டுக்கு நெளித்த தாள் போதும்.

சிக்கல் உருண்டைகளில் தொடங்குகிறது. விதானத்திலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குக் குண்டு, மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் சுதை உருண்டை, நிலைக்கதவின் பித்தளைக் குமிழ். வீட்டை 1:100 அளவில் செய்தால் 34 செ.மீ. விட்டமுள்ள விளக்குக் குண்டு 3.4 மி.மீ. ஆகிவிடும். 1:50 அளவில் 10 செ.மீ. சுதை உருண்டை 2 மி.மீ. ஆகும், 5 செ.மீ. கதவுக் குமிழ் 1 மி.மீ.தான்.

பாசிமணி வாங்கி ஒட்டிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் காகிதத்தில் தொடங்கியதைக் காகிதத்திலேயே முடிப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. கண்ணாடிமணியின் பளபளப்பு, பக்கத்திலிருக்கும் காகிதச் சுவரோடு சேராது. ஒரே வண்ணத்தைப் பூசினாலும் தாள் ஒரு மாதிரி உறிஞ்சும், கண்ணாடி உறிஞ்சவே உறிஞ்சாது. அதைவிட முக்கியமான காரணம், இந்தச் சின்ன உருண்டையைச் செய்யக் கற்றுக்கொள்பவர் காகிதம் உண்மையில் எதனால் ஆனது என்பதைக் கற்றுக்கொள்கிறார்.

வெட்டுவது, மடிப்பது என்ற வழியில் இந்த அளவு உருண்டை வராது. அதைக் குழியில் வைத்து வார்க்க வேண்டும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டு அடுப்படியில் இருக்கும் பணியாரச் சட்டியே போதும்.

தட்டைத் தாள் ஏன் உருண்டையாகாது?

ஒரு தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாகவும் சுருட்டலாம். அதே தாளைப் பந்தின் மேல் போர்த்தினால் விளிம்பில் சுருக்கம் விழும். கைத்திறன் போதாததால் வரும் சுருக்கம் அல்ல அது. ஒரு பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் வளைத்தால் அதன் ஓர் அடிப்படை வளைவு அளவு மாறாது என்று கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் 1827-இல் நிறுவினார். தட்டைத் தாளுக்கு அந்த அளவு சுழியம். பந்துக்குச் சுழியம் இல்லை. எனவே தாளை எங்காவது இழுக்கவோ, எங்காவது ஒடுக்கவோ, எங்காவது வெட்டவோ செய்யாமல் பந்து கிடைக்காது.

பூகோள உருண்டை செய்தவர்கள் வெட்டும் வழியைப் பிடித்தார்கள். மார்ட்டின் வால்ட்சேமுல்லர் 1507-இல் அச்சிட்ட உலக உருண்டைப் படம், இரு முனையும் கூர்ந்த 12 இதழ்களாக இருந்தது. வெட்டி எடுத்து ஒட்டினால் கையடக்க உலகம். காகித மாதிரி செய்பவர்கள் இன்றும் பெரிய உருண்டைகளுக்கு இதே இதழ் முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்த முறையை 3.4 மி.மீ. உருண்டைக்குப் போட்டுப் பார்ப்போம். 6 இதழ் வைத்தால் ஒவ்வொன்றும் நடுவில் சுமார் 1.8 மி.மீ. அகலம். வெட்டிவிடலாம், ஆனால் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் அறுகோணமாக நிற்கும். பக்கத்தின் நடுவிடம் உண்மையான வட்டத்திலிருந்து 0.23 மி.மீ. உள்வாங்கியிருக்கும். ஓர் அடி தூரத்திலிருந்து நல்ல கண் பார்க்கக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆகவே கோணல் தெரியும். இதழ்களை 12 ஆக்கினால் அந்தப் பிழை 0.06 மி.மீ.க்கு இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வோர் இதழும் நடுவில் 0.9 மி.மீ. அகலம், முனையில் ஒன்றுமே இல்லை. எழுதும் தாளின் கனமே 0.1 மி.மீ. கணக்கு ஜெயிக்கிறது, கத்தி தோற்கிறது.

வேறு வழிகளும் இதே இடத்தில்தான் முட்டுகின்றன. வட்டங்களை அடுக்கி உருண்டை கட்டலாம் என்றால் 34 வட்டங்கள், 17 வெவ்வேறு விட்டங்கள். மெல்லிய பட்டையை இறுகச் சுருட்டி, நடுவைத் தள்ளிக் குமிழாக்கும் குவில்லிங் முறையில், சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால் தாளை இழுக்கவே தேவையில்லை. அழகான முறை. ஆனால் கடைசிச் சுற்றில் பட்டையின் அகலம் முழுவதும் நேர்ச்சுவராக நின்றுவிடும். பெரிய உருண்டையில் அது தெரியாது. 3 மி.மீ. உருண்டையில் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை மட்டுமே தெரியும்.

வெட்டும் வழி அடைபட்டுவிட்டது. இழுப்பதும் ஒடுக்குவதும் மிச்சம். அதற்குத் தாளைத் தகடாக நினைப்பதை விட்டுவிட்டு மாவாக நினைக்க வேண்டும்.

பணியாரச் சட்டி செய்யும் வேலை

குழிப் பணியாரத்துக்கான மாவு பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம் சேர்த்து அரைத்துப் புளிக்கவைத்தது. அதற்கென்று எந்த உருவமும் கிடையாது. ஊற்றிய இடத்துக்கு ஏற்ப நிற்கும். உருவத்தைக் கொடுப்பது குழி.

குழியில் எண்ணெய் விட்டு, மாவை முக்கால் அளவுக்கு ஊற்றுகிறோம். குழிச்சுவரைத் தொடும் மாவுதான் முதலில் சூடாகிறது. சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் அரிசி மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கி, பிறகு இறுகுகிறது. அடிப்பக்கம் அரைக்கோளமாகக் கெட்டிப்படும்போது மேல்பக்கம் இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிட வேண்டும். ஈரமான பாதி இப்போது குழிக்குள் இறங்கி, அதன் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு முழு உருண்டைக்கு ஓர் அரைக்குழியே போதுமானதாகிவிடுகிறது.

இதில் நடப்பவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால் ஐந்து பங்கு. இளகும் மாவு, வடிவம் தரும் குழி, ஒட்டாமல் விடும் எண்ணெய், வடிவத்தை இறுக்கும் சூடு, பாதியை முழுமையாக்கும் திருப்பல். காகித உருண்டைக்கும் இந்த ஐந்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் உருண்டை வராது.

தாளுக்குள் இருக்கும் மாவு

தாள் என்பது மரம், மூங்கில், கரும்புச் சக்கை ஆகியவற்றிலிருந்து பிரித்த நார்கள் நீரில் கலந்து, சல்லடையில் படிந்து, காய்ந்து ஒட்டிக்கொண்ட படலம். நாரின் பெரும்பகுதி செல்லுலோஸ். பக்கத்துப் பக்கத்து நார்களின் செல்லுலோஸ் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாதாரணத் தாளின் பலத்துக்கு முக்கியமான காரணம் இந்தப் பிடிதான்.

தண்ணீர் பட்டால் நீர் மூலக்கூறுகள் அந்தப் பிடிகளுக்கு நடுவே புகுந்துகொள்கின்றன. நார்கள் நெகிழ்ந்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்குகின்றன. காய்ந்த தாள் சில சதவீதம் நீண்டதுமே கிழிந்துவிடும். ஈரத் தாள், பலத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தாலும், மெதுவாகத் தள்ளினால் வழிவிட்டுப் போகும். நீர் ஆவியாகும்போது நார்களுக்கு இடையில் மிஞ்சும் நீர்ப்படலமே அவற்றை நெருக்கி இழுக்கிறது. பழைய இடத்தில் விட்ட பிடியைப் புதிய இடத்தில் பிடித்துக்கொள்கின்றன. ஈரம் தாளை மாவாக்குகிறது, காய்தல் அதை வெந்த மாவாக்குகிறது.

சிறிய உருண்டைக்கே உரிய ஒரு நுட்பமும் இங்கே உண்டு. ஊசியிலை மரத்தின் நார் சுமார் 3 மி.மீ. நீளம் இருக்கும். நம் உருண்டையின் சுற்றளவே 10.7 மி.மீ. அதாவது ஒற்றை நார் உருண்டையைக் கால் சுற்றுக்கு மேல் தழுவ வேண்டியிருக்கிறது. நீள நார் அவ்வளவு சுலபமாக வளையாது, நிமிரப் பார்க்கும். கரும்புச் சக்கை நார் அதில் பாதி நீளம்கூட இருப்பதில்லை. கரூர் மாவட்டம் புகழூரில் இருக்கும் தமிழ்நாடு அரசின் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதற்குப் பெயர் பெற்றது. அதுபோன்ற குட்டை நார்த் தாள் சின்னக் குழிக்குள் சொன்னபடி படியும், ஆனால் இழுத்தால் சீக்கிரம் கிழியும். ஆகவே அந்தத் தாளை மெதுவாக அழுத்த வேண்டும்.

சட்டி தயாரித்தல்

முதலில் குழி. 3 மி.மீ. கனமுள்ள அலுமினியப் பட்டையில் 3.5 மி.மீ. டிரில் பிட்டால் ஏழு துளைகள் போடச் சொல்லுங்கள். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துவிடுவார்கள். அடிவரை போகும் துளையாக இருக்க வேண்டும். பணியாரச் சட்டியின் குழிக்கு அடி உண்டு. நம் குழிக்கு அடி தேவையில்லை, காரணம் கீழே வரும். துளையின் வாய் விளிம்பில் இருக்கும் பிசிறை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுங்கள். பிசிறு ஈரத்தாளைக் கத்தியாக அறுத்துவிடும்.

அடுத்து குண்டு. பணியார மாவு தன் கனத்தாலேயே குழிச்சுவரில் போய் அழுந்துகிறது. தாளுக்கு அந்தக் கனம் கிடையாது. யாராவது அழுத்த வேண்டும். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு பல அளவில் இருக்கும். 1/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.2 மி.மீ. குண்டைக் கேட்டு வாங்குங்கள். தீர்ந்துபோன ரீஃபில்லின் பின்முனையில் சூப்பர் பசையால் ஒட்டிவிட்டால் அழுத்துகோல் தயார். உருண்டையின் உள்வடிவத்தை இந்தக் குண்டு கொடுத்துவிடுகிறது; துளையின் சுவர் இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். குழிக்கு அடி வேண்டாம் என்றது இதனால்தான்.

குண்டுக்கும் துளைச்சுவருக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 0.15 மி.மீ. அளவு இடைவெளி இருக்கிறது. தாள் இருக்க வேண்டிய இடம் அது. வேறு அளவுக்குச் செய்தாலும் இந்தக் கணக்கை விடாதீர்கள். துளையின் விட்டம், குண்டின் விட்டத்தோடு தாளின் கனத்தை இரண்டு முறை கூட்டியதைவிட மயிரிழை அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வட்டு. துருவத்திலிருந்து இடுப்புவரை உருண்டையின் மேல் நடந்தால் வரும் தூரம், ஆரத்தைப்போல 1.57 மடங்கு. ஆகவே தட்டை வட்டின் விட்டம் உருண்டையின் விட்டத்தைப்போல 1.57 மடங்கு இருந்தால் விளிம்பு இடுப்பைத் தொடும். 3.4 மி.மீ.க்கு 5.3 மி.மீ. அலுவலகத்தில் கோப்புக்குத் துளைபோடும் பஞ்சிங் மெஷின் வெட்டித் தள்ளும் வட்டு கிட்டத்தட்ட 6 மி.மீ. சுற்றிலும் 0.3 மி.மீ. உபரி கிடைக்கிறது. அந்த உபரி பின்னால் உதவும். மெஷினின் அடித்தட்டில் சேர்ந்து கிடப்பவை எல்லாம் நமக்கு அளந்து வெட்டிய மூலப்பொருள்.

தாள் மெல்லியதாக இருக்கட்டும். பரிசுப் பொருள் சுற்றும் டிஷ்யூ தாள் இரண்டு அடுக்கு, அல்லது செய்தித்தாள் ஓர் அடுக்கு. டிஷ்யூ தாளை மட்டும் பஞ்சிங் மெஷினில் வைத்தால் மென்று துப்பும். இரண்டு எழுதும் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் சுத்தமாக வெட்டும்.

அடுப்பில் வைத்தல்

நனைத்துப் பிழிந்த துணிமேல் வட்டுகளைப் பரப்பி, துணியின் மறுபாதியால் இரண்டு நிமிடம் மூடிவையுங்கள். தண்ணீரில் போடக் கூடாது. மாவு நீர்த்துப் போனால் பணியாரம் உருவெடுக்காது. தாளும் அப்படித்தான், நார்களின் பிடி முழுவதும் விட்டுப்போனால் குண்டு பட்டதும் ஓட்டை விழும். ஈரம் நெகிழ்வதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும், பிரிவதற்குப் போதாமலும் இருக்க வேண்டும்.

துளைகளுக்கு எண்ணெய் தேவை. ஆனால் உண்மையான எண்ணெய் கூடாது. தாள் அதை உறிஞ்சிக்கொண்டால் பிறகு பசையும் பிடிக்காது, வண்ணமும் பிடிக்காது. முகத்துக்குப் போடும் பவுடரைத் தூரிகையில் தொட்டுத் துளைக்குள் தடவினால் போதும்.

ஈர வட்டில் நீர்த்த மைதாப் பசையை ஒரு தொடுகை தடவி, இரண்டாம் வட்டை அதன்மேல் வையுங்கள். ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் தாள் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். அதற்குக் குறுக்கே இழுத்தால் தாள் அதிகம் நீளும். இரண்டாம் வட்டைக் கால் சுற்று திருப்பி ஒட்டினால் எல்லாத் திசையிலும் நீட்சி சமமாகும். அப்படிச் செய்யாவிட்டால் உருண்டை முட்டை வடிவத்துக்குப் போகும்.

இரட்டை வட்டை முதலில் பென்சில் அழிக்கும் ரப்பர்மேல் வைத்து, குண்டால் நடுவிலிருந்து வெளியே சின்னச் சின்ன வட்டமாக உருட்டி அழுத்துங்கள். ஆழமில்லாத கிண்ணம் ஒன்று உருவாகும். அதை எடுத்துத் துளையின் மேல் நடுவாக வைத்து, குண்டை நேராக, மிக மெதுவாக இறக்குங்கள். குண்டின் பாதி துளைக்குள் போனதும் நிறுத்துங்கள்.

இந்த ஒரு நொடியில் தாள் பெரிய வேலை செய்கிறது. வட்டின் விளிம்புச் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போக வேண்டும். நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுக்கும், விளிம்புப் பகுதி மடிப்புகளாக ஒடுங்கும். மடிப்பைத் தடுக்க முடியாது, அதை நுணுக்கமாக்க முடியும். மூன்று பெரிய மடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். முப்பது சிறு மடிப்பு விழுந்து, ஈரத்தோடு துளைச்சுவரில் நசுங்கினால் நார்கள் ஒன்றில் ஒன்று கலந்து மறைந்துவிடும். ரப்பர்மேல் முன்கூட்டியே கிண்ணமாக்கியது இதற்காகத்தான். நேரே துளைக்குள் தள்ளினால் தாள் முதலில் கிடைத்த மூன்று நான்கு இடத்திலேயே மடிந்துவிடும். மெல்லிய தாள் கேட்டதும் இதற்காகத்தான். டிஷ்யூ மடிப்பின் கனம் 0.1 மி.மீ.யை ஒட்டியே நிற்கும், கண்ணின் எல்லையும் அதுதான்.

குண்டை ஒரு திருகு திருகி வெளியே எடுங்கள். அலுமினியத் தட்டை நிழலில், காற்று படும் இடத்தில் வையுங்கள். காரைக்குடிச் சித்திரை வெயிலில் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அடுப்பைக் கூட்டி வைத்தால் பணியாரம் வெளியே கருகி உள்ளே மாவாக இருப்பதை ஆச்சிமார் பார்த்திருக்கிறார்கள். வெயிலில் தாளின் மேல்விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கி, ஈரமான அடியை ஒரு பக்கம் இழுத்துக் கோணலாக்கிவிடும். சிறுதீயே நல்லது.

கம்பியால் திருப்புதல்

காய்ந்த கிண்ணங்கள் துளைக்குள் இருக்கும்போதே, தட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உபரி விளிம்பில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவிக் காயவிடுங்கள். நார்கள் இறுகிவிடும். இப்போது 400 எண் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, தட்டின் மேல் படுக்கவைத்துத் தேயுங்கள். தட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் போய்விடும், கீழே இருப்பதை உப்புத்தாள் தொடவே தொடாது. குண்டு சரியாகப் பாதி இறங்கியிருந்தால் உங்கள் கையில் இருப்பது சரியான அரைக்கோளம். அளவுகோலும் கத்தியும் இல்லாமல், தட்டின் முகமே அளவாகிவிடுகிறது. 0.3 மி.மீ. உபரி இதற்காகவே வைத்தது.

தீக்குச்சியின் பின்முனையால் கீழேயிருந்து தள்ளினால் கிண்ணம் வெளியே வரும். பணியாரக் கம்பியின் வேலை அது.

இரண்டு கிண்ணங்களை வெறுமனே ஒட்டினால் ஒட்டும் பரப்பு ஒரு தாளின் கனம் மட்டுமே. விரல் பட்டால் நசுங்கும். எனவே டிஷ்யூ தாளைக் கிழித்து ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து, பசை கலந்த கூழாக்கி, இரண்டு கிண்ணத்திலும் நிரப்புங்கள். ஒன்றைத் துளையிலேயே விட்டு, மற்றதை அதன்மேல் கவிழ்த்து அழுத்துங்கள். பிதுங்கும் கூழைத் துடைத்துவிடுங்கள். விளக்குக் குண்டுக்குச் சங்கிலி வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே மெல்லிய கம்பியை நடுவில் வைத்துவிட வேண்டும். முழுதும் காய்ந்தபின் மூட்டுக்கோட்டை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் இடுப்பு மறைந்துவிடும்.

இரண்டு பாதியைக் குழியில் வார்த்துச் சேர்ப்பது நம் ஊர்க் கைவினைக்குப் புதிதல்ல. தங்க ஆசாரியின் பட்டறையில் பித்தளைக் கட்டையில் பல அளவுக் குழிகள் இருக்கும். தகட்டு வட்டைக் குழியில் வைத்துத் தட்டிக் கிண்ணமாக்கி, இரண்டைச் சேர்த்துப் பற்றவைத்தால் உள்ளீடற்ற தங்கக் குண்டு. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் பொம்மையிலும் காகிதக் கூழை அச்சில் பாதி பாதியாக எடுத்துச் சேர்க்கிறார்கள். உலோகத்துக்கும் கூழுக்கும் தெரிந்த வேலையை நாம் தாளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

கெட்டுப்போகும் இடங்கள்

உச்சியில் ஓட்டை விழுந்தால் ஈரம் கூடிவிட்டது, அல்லது அவசரம். எல்லா மடிப்பும் ஒரு பக்கமே சேர்ந்தால் வட்டு துளைக்கு நடுவில் இல்லை. வெளியே எடுத்ததும் கிண்ணம் விரிந்துகொண்டால் உள்ளே ஈரம் இருக்கும்போதே எடுத்திருக்கிறீர்கள். பிடிகள் இன்னும் இறுகவில்லை. கிண்ணம் துளையை விட்டு வராவிட்டால் பவுடர் போதவில்லை. மூட்டு ஒரு நாள் கழித்து வரியாகத் தெரிந்தால், உள்ளே நிரப்பிய கூழ் காய்ந்து சுருங்கிக் கிண்ணங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த முறை கூழை நன்றாகப் பிழிந்து நிரப்புங்கள்.

அளவு குறையக் குறைய

ஒரே வழி எல்லா அளவுக்கும் பொருந்தாது. 15 மி.மீ.க்கு மேல் இதழ் முறையும் குவில்லிங்கும் தாராளமாக நிற்கும். 3 முதல் 10 மி.மீ. வரை மேலே சொன்ன குழிமுறை. 3 மி.மீ.க்குக் கீழே ஈர வட்டுகூட மடங்க மறுக்கும். அங்கே தாளின் தகட்டு வடிவத்தை முற்றிலும் விட்டுவிட்டுக் கூழுக்குப் போய்விட வேண்டும்.

கூழ் நம் வீடுகளுக்குப் பழக்கமான பொருள். பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பிக் கூடை செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வெந்தயத்தின் வழவழப்பில் இருக்கும் பிசின் நார்களைப் பிணைக்கிறது. 2 மி.மீ. சுதை உருண்டைக்கு அந்தக் கூழே உகந்தது. மிக மென்மையாக அரைத்து, துணியில் பிழிந்து, அடியுள்ள 2.5 மி.மீ. குழியில் குவித்து வைத்து, அடி காய்ந்ததும் குச்சியால் திருப்பிவிடுங்கள். இங்கே பணியாரம் அப்படியே, எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. நீர் போகும்போது கூழ் சுருங்கும், எனவே குழி எப்போதும் வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

1 மி.மீ. கதவுக் குமிழுக்குக் குழியும் தேவையில்லை. கதவில் தெரிவது பாதி மட்டும். ஊசிமுனையில் எடுத்த ஃபெவிகால் சொட்டை அட்டையில் வைத்தால், அந்த அளவில் புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசை வலுவாக இருப்பதால் சொட்டு தானே குமிழாக நிற்கும். காய்ந்தால் தாழும், மேலே இன்னொரு சொட்டு வைக்கலாம்.

ஒப்புமை நிற்கும் எல்லை

பணியாரத்தோடு காகிதம் இரண்டு இடத்தில் பிரிகிறது. மாவு புளித்த காற்றாலும் நீராவியாலும் உப்பிக் குழியை நிரப்பும். தாளும் கூழும் காயும்போது சுருங்கத்தான் செய்யும். எனவே அடுப்படிப் பழக்கத்தில் குழியை முக்கால் அளவுக்கு நிரப்பாதீர்கள், கூழைக் குவித்து வையுங்கள்.

இன்னொன்று, வெந்த மாவு மறுபடி மாவாகாது. காய்ந்த தாளில் தண்ணீர் பட்டால் மறுபடி நெகிழும். ஐப்பசி ஈரக்காற்றிலேயே கூர்மையான வடிவங்கள் தளரும். ஆகவே உருண்டை காய்ந்ததும் வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம், வண்ணம் அதற்குப் பிறகுதான். மைதாப் பசையில் பூச்சி வராமல் புத்தகம் கட்டுபவர்கள் சேர்க்கும் மயில்துத்தம் விஷம். பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்யும் வேலையில் அதைச் சேர்க்க வேண்டாம். வேண்டிய பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம்.

இவ்வளவும் ஒரு குண்டுக்காகவா?

ஆம், தகும். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணாகவும் கதவாகவும் விளக்காகவும் விற்பனைக்குப் போவது நிற்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவற்றைப் பார்க்கலாம். அங்கே ஒரு விளக்குக் குண்டு தனியாக நிற்கும்போது, எந்த வளவில், எவ்வளவு உயரத்தில், எத்தனையில் ஒன்றாக அது தொங்கியது என்பது அதனோடு வருவதில்லை.

காகித மாதிரி செய்பவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கவே முடியாது. சுவரை மட்டும் அளந்தவர் வீட்டின் கூட்டைச் செய்கிறார். குண்டையும் குமிழையும் அளந்தவர் வீட்டைச் செய்கிறார். பாசிமணியை ஒட்டினால் கடையில் இருக்கும் அளவுக்கு வீடு இறங்கிப் போக வேண்டும். குழியை நாமே போட்டுக்கொண்டால் வீட்டின் அளவே நின்றுவிடும்.

ஆகவே அடுத்த முறை உறவுக்காரர் வீட்டு வளவில் நின்று படமெடுக்கும்போது, அங்கே தொங்கும் விளக்குக் குண்டின் விட்டத்தையும் நூலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதை நூறால் வகுத்தால் எந்த டிரில் பிட் வேண்டும் என்று தெரிந்துவிடும். மிச்ச வேலைக்கு ஒரு சைக்கிள் கடையும் ஒரு பஞ்சிங் மெஷினும் போதும்.